பல்செட் பலகலாம்

பல்லுக்காரம்மாவுக்கு ழகரம் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. ஏழு அவளுக்கு ஏலு, மழை அவளுக்கு மலை. கடையில் போய் வாழைப்பழம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "அந்த மஞ்சப் பலம் குடுங்க" என்பாள். நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல், மேலே லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிவிடும், அவ்வளவுதான். பேச்சில் வராதது எழுத்திலும் வரவில்லை. எழுதும்போது எது ல, எது ழ என்று காது சொல்லித்தர வேண்டும். அவளுடைய காதும் நாக்கும் கூட்டுக் களவாணிகள். சந்தேகம் வந்தால் லகரத்தைப் போட்டுவிட்டு மேலே போய்விடுவாள்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டது யாருக்கு என்றால், ஓர் அச்சகத்தின் பிழைதிருத்துநருக்கு. இரண்டு சொற்களுக்கு நடுவே வரவேண்டிய ஒரு க், ஒரு ச் விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. அச்சகத்தில் அவருக்கு 'ஒற்று சார்' என்று பெயர். ஹோட்டல் பில்லைக்கூடத் திருத்திவிட்டுத்தான் பணம் வைப்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய காதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார் என்று அவர்களுடைய மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அபாண்டம். பென்சிலால்தான் திருத்தினார்.

அவளுக்கு அவர் வைத்த பெயர் மழலை. கேலிக்கு வைத்ததுதான். "மழலை, உன் பேர நீயே ஒரு தடவ சொல்லு பாப்போம்" என்பார். "மலலை" என்பாள் அவள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிப்போனது, அப்புறம் அந்தப் பெயரை விட்டு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சாவி எங்கே என்பதற்கும் மழலை, தலைவலி என்பதற்கும் மழலை. ஒருநாள் பெரிய சண்டை போட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவர், பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து, "மழலை, குடை" என்றார்.

அவளுடைய வேலை பல் செய்வது. பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. ஜன்னலோரம் மேசை, மேசை மேல் விளக்கு, பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு, ஈறு நிறத்தில் தூள், அந்தத் தூளைக் குழைக்கும் திரவத்தின் மூக்கைத் துளைக்கும் நெடி. முன்னால் டாக்டர் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார். பின்னால் இவள் மெழுகில் பல் பல்லாக நட்டு, வேகவைத்து, அரத்தால் ராவி, மெருகேற்றி, ஒரு முழு வாயை டப்பாவில் போட்டு அனுப்புவாள். யார் என்ன என்றே தெரியாமல் எத்தனை பேருடைய சிரிப்பு இவள் கையால் ஆகியிருக்கிறது என்று நினைத்தால் அவளுக்கே சில நேரம் கை கூசும்.

ஆனால் புதுப் பல் கட்டிய கையோடு யாரும் சிரிப்பதில்லை. மூன்றாம் நாளே பல்லைக் கைக்குட்டையில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "இது என் வாயே இல்ல." "பேசினா குதிரை ஓடுற சத்தம் கேக்குது." பல்லில் குற்றம் இருக்காது. வாய்க்குள் ஒரு விருந்தாளி வந்திருக்கிறார், நாக்கு அவருக்கு இடம் விட்டு உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். இதை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றியது. அப்போது ஊரில் ஆளாளுக்கு வலைப்பூ தொடங்கிக்கொண்டிருந்த காலம். பூனை வளர்த்தவர் பூனையைப் பற்றி எழுதினார், ரயிலில் போனவர் ரயிலைப் பற்றி எழுதினார். மருத்துவமனையின் பழைய கம்ப்யூட்டரில், மதிய இடைவேளையில், இவளும் ஒன்று தொடங்கினாள். தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேசுங்கள், செய்தித்தாளை வாய்விட்டு வாசியுங்கள், ஆப்பிளை முன்பல்லால் கடிக்காமல் துண்டு போட்டுத் தின்னுங்கள் என்றெல்லாம் எழுதினாள். தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டாள்: 'பல்செட் பலகலாம்'.

அன்று சாயங்காலம் வீட்டில் பெருமையாகக் காட்டினாள். ஒற்று சார் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பலகலாமா? யாருக்கு மழலை பலகை வேணும்? பல் டாக்டர் மரக்கடை வெச்சிருக்காரா?"

"தப்பா?"

"தலைப்புலயே தப்பு. உள்ள வேற படிக்கணுமா?"

உள்ளே அவர் படிக்கவே இல்லை. திருத்தச் சொன்னார். அவளுக்கு ஒருமுறை எழுதியதை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை, கேட்கவும் ரோஷம். அப்படியே விட்டுவிட்டாள். வேடிக்கை என்னவென்றால் அவர் வாக்கு பலித்தது. சில மாதங்களில் ஒருவர் வந்து, 'ஆறடிப் பலகை என்ன விலை?' என்று பின்னூட்டம் போட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒற்று சார் அந்த ஆண்டு முழுக்கச் சிரித்தார்.

அதற்குப் பிறகு காலம் பறந்தது. பூனைக்காரர் போனார், ரயில்காரர் போனார். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். படம் போடும் இடத்துக்கு, இரண்டு வரி எழுதும் இடத்துக்கு, பிறகு அரை நிமிடம் ஆடிக்காட்டும் இடத்துக்கு. பல்லுக்காரம்மா எங்கேயும் போகவில்லை. அது கொள்கை ஒன்றும் இல்லை, போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டு முடித்ததும் பின்னூட்டம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், ஒரு வரி பதில் போடுவாள், மெழுகுக்குத் திரும்புவாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பது போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

மகளுக்கு நிறுவனங்களின் இணையப் பக்கங்களைச் சீர்படுத்தும் வேலை. அவளுக்கு இது பொறுக்கவில்லை.

"யாரும்மா இப்ப ப்ளாக் படிக்கிறாங்க? ஒரு வீடியோ போடு. நீ பல் நடறத நான் எடுக்கறேன், அள்ளிக்கும்."

"அதான் வர்றாங்களே."

"யாரு வர்றா? இப்பல்லாம் கேட்டா அதுவே பதில் சொல்லிடுது. ஒருத்தரும் உள்ள வரவேண்டிய அவசியமே இல்ல. பழைய கமெண்ட் எல்லாத்தையும் தூக்கிட்டு, அந்தத் தலைப்பையாவது திருத்தி, புதுசா பண்ணித் தரேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பல்லுக்காரம்மா சரி என்றுவிட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வலைப்பூவைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது.

ஒற்று சாருக்கு ஈறு நோய். ஆண்டுக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப்போட்டவர், கடைசியில் கடிக்கப் பல்லே இல்லாத நிலைக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் எடுத்தார்கள். காயம் ஆறியதும் அளவெடுத்து அச்சு பின்னறைக்கு வந்தது. பல்லுக்காரம்மா அதை மற்ற அச்சுகளோடு வைக்கவில்லை, தனியாக ஜன்னலோரம் வைத்தாள். இவ்வளவு காலம் தெரியாதவர்களின் வாயைக் கையில் வைத்திருந்தவள் முதல்முறையாகத் தெரிந்த வாய் ஒன்றைப் பார்த்தாள். அந்த அண்ணத்தின் வரிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தபோது, தன்னைக் கேலி செய்த அத்தனை ழகரமும் பிறந்த இடம் இதுதான் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பார்த்துப் பார்த்துச் செய்தாள். வேறு யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

பல்லைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண்ணாடி முன் நின்றார். அவர் வழக்கமாகச் சொல்லிப் பார்க்கும் சொல்லைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"பிலை," என்றார்.

இன்னொரு முறை சொன்னார். பிலை. பிழை என்று சொல்ல வராத பிழைதிருத்துநர். பின்னால் நின்றிருந்த பல்லுக்காரம்மா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பாள் என்று அவர் நினைத்தார் போலிருக்கிறது. கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார், உள்ளறைக்குப் போனார், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அதோடு வாய் மூடியது.

ஒரு நாள், இரண்டு நாள் என்று பார்த்தாள். ஒரு மாதமாகிவிட்டது. வேண்டியதைக் கையால் காட்டினார். கையால் காட்ட முடியாததை அச்சுத்தாளின் பின்பக்கத்தில் எழுதி மேசைமேல் வைத்தார். 'தேநீரில் சர்க்கரை குறைவு.' ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். வாசிப்பது ஒற்று சாரின் வேலை. காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். விடுப்பு முடிந்து போய் நின்றால் எதை வாசிப்பார்? வாசிக்காவிட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை?

பல்லுக்காரம்மா சும்மா இருக்கவில்லை. "என்னங்க, தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுப் பேசிப் பாருங்க" என்றாள். அவர் தண்ணீரைக் குடித்தார், பேசவில்லை. "என்னங்க, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்" என்றாள். எழுந்து போய்விட்டார். தாழிட்ட அறைக்குள் சில நாள் அவர் குரல் கேட்டது. யாரையோ அதட்டுகிறார், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார். போனில் யாரோடோ பேசுகிறார் என்று நினைத்தாள். யாரோடோ பேசுகிறவர் தன்னோடு பேசவில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊருக்கெல்லாம் வாயைத் திறந்துவிட்டவளுக்குச் சொந்த வீட்டு வாயைத் திறக்க வழி தெரியவில்லை. மழலை என்று யாரும் கூப்பிடாத வீட்டில் அவள் கதவு தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மகள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வியாழன். மதியம் சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு, யாருடைய முன்பல்லையோ மெழுகில் நட்டபடி, போனை எடுத்துப் பார்த்தாள். புதிய பின்னூட்டம் ஒன்று. பெயர் இல்லை. பெயர் சொல்லாமல் எழுதுகிறவர்களை அந்தக் காலத்து வலைப்பூக்காரர்கள் அனானி என்பார்கள், அவளும் அப்படித்தான் சொல்வாள். யாரோ ஓர் அனானி.

'வணக்கம். எனக்குப் புதிய பற்கள் பொருத்தி ஒரு மாதம் ஆகிறது. கைப்பேசியிடம் "பல்செட் பழகுவது எப்படி" என்று வாய்விட்டுக் கேட்டேன். அது "பலகுவது" என்று எழுதிக்கொண்டது. திருத்திச் சொன்னேன்; மீண்டும் "பலகுவது". கோபத்தில் கத்தினேன், அது என்னை இந்தப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. முன்னதாக, விரலால் சரியாகத் தட்டிக் கேட்டும் பார்த்தேன். கருவியே அழகான பதில் ஒன்றை எழுதித் தந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அதற்கு ஒரு பல்கூட விழுந்ததில்லை.'

மெழுகு கையில் இருந்தது. அவள் கண் அந்த அரைப்புள்ளி மேல் நின்றது. புள்ளிக்குக் கீழே வால் வைத்த அந்தக் குறி. இத்தனை ஆண்டுகளில் அவளுடைய பக்கத்தில் யாரும் அதைப் போட்டதில்லை. பாதிப் பேர் முற்றுப்புள்ளியே போடமாட்டார்கள். 'எனக்குப் புதிய' என்று ப் போட்டு, 'அழகான பதில் ஒன்றை' என்று நிதானமாக நடந்து, வரிக்கு வரி இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஓர் எழுத்து. உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் வலி தாங்காமல் கதறும்போதும் அரைப்புள்ளி வைப்பார். மேலே படித்தாள்.

'என் தொல்லை இது. என் மனைவியை நான் ஒரு பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். அவளுக்கு வராத ஓர் எழுத்தை வைத்து, கேலிக்காக நான் வைத்த பெயர். இப்போது அந்த எழுத்து எனக்கும் வரவில்லை. அழைத்தால் அவளைப் போலவே அழைப்பேன். அவள் என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. எனவே அழைக்காமலேயே இருக்கிறேன். வேறு எப்படி அழைக்கவும் எனக்குத் தெரியாது. இதற்கு ஏதேனும் பயிற்சி உண்டா?'

விளக்கின் சூட்டில் மெழுகு உருகி, நட்ட பல் மேசையில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. தாழிட்ட அறைக்குள் அவர் அதட்டியது யாரையும் அல்ல, போனைத்தான் என்று புரிந்தது. புரிந்த கையோடு இன்னொன்றும் புரிந்தது. அது முதலாவதைவிடப் பெரியது.

பல்லுக்காரம்மா பக்கத்தின் அடியிலிருந்து மேலே போனாள். எல்லாம் அவள் அவ்வப்போது படித்ததுதான், பதில் போட்டதுதான். ஒன்று ஒன்றாகப் படித்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பார்த்தது இல்லை. 'போன்ல பேசினேன், இங்க வந்துச்சு.' 'தங்கச்சி போன்ல கேட்டேன், நேரா இங்க கூட்டிட்டு வந்துருச்சு.' 'அம்மா, உங்க தலைப்பு என் வாய்ல வர்ற மாதிரியே இருக்கு, அதான் உள்ள வந்தேன்.' இதையெல்லாம் யாரோ தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று தாண்டிப் போயிருக்கிறாள். புதுப் பல் கட்டியவர்களுக்கு 'பழக' வராது, 'பலக' என்றுதான் வரும். சரியான எழுத்தில் கேட்கிறவனுக்கு ஆயிரம் கடை திறந்திருக்கிறது. தப்பாகக் கேட்கிறவனுக்கு அந்தப் பெரிய சந்தையில் ஒரே கடைதான், பெயர்ப்பலகையிலேயே அவன் தப்பைப் போட்டு வைத்திருக்கும் கடை. போனிடம் வாயால் கேட்கிற காலம் வருமென்று அவளுக்கு அன்று தெரியுமா? தெரியாமல் வைத்த தப்பு, காலமெல்லாம் மாறி மாறி வந்தபிறகு, போகிற வருகிற பொக்கைவாய்க்காரர்களையெல்லாம் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறது.

எவ்வளவு பேர் உட்கார்ந்திருந்தார்கள்! ஒரு பஸ் கண்டக்டர். அவர் போகும் பஸ்ஸின் எண் எழுபத்தேழு. 'ஸ்டாப்புல நின்னு எலுபத்தேலுன்னு கத்தறேன், காலேஜ் பசங்க சிரிக்கறாங்க' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஆண்டுகள் கழித்து, அவரே வந்து இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: 'பயப்படாதீங்க, எனக்கு இப்ப வருது.' ஒரு டீச்சர் தன் வகுப்புக்குப் போகும்முன் சொல்லிப் பார்க்க ஒரு வாக்கியம் கட்டி வைத்திருந்தார்: 'தாழ்ப்பாள் போட்ட அறைக்குள்ளே தாழ்ந்த குரலில் அழைத்தது யார்?' அதைச் சொல்லிப் பார்த்துத் தோற்றவர்கள், ஜெயித்தவர்கள், பாதியில் பல் கழன்று குழம்பில் விழுந்தவர் என்று கீழே ஒரு கூட்டம். ஒருவர் கேட்ட கேள்விக்கு அந்த ஆண்டு பதில் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, அதே கேள்வியோடு வந்த வேறொருவர், தன் வழியைத் தானே கண்டுபிடித்து, போகிற போக்கில் முதலாமவருக்கும் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆறடிப் பலகை கேட்டவரும் திரும்பி வந்திருந்தார். 'இப்ப எனக்கே பல்லு வேணும்' என்று எழுதியிருந்தார்.

அவள் கடை போட்டாள், அவ்வளவுதான். அங்கே ஓர் ஊரே குடியேறியிருந்தது. எல்லாரும் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்திருந்த தெருவில், ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது, உள்ளே கலகலவென்று பேச்சு. நான் செய்ததா இது என்று பல்லுக்காரம்மா வாயில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பெருமை வரவில்லை. கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது வருமே ஒன்று, அதுதான் வந்தது.

பதில் எழுத வேண்டும். என்ன எழுதுவது? 'நான்தாங்க' என்று எழுதினால் அனானி ஓடிவிடுவார். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளை முந்திக்கொண்டு பதில்கள் வந்துவிட்டன. முதலில் யாரோ ஒரு குறும்புக்காரர்: 'சார், ஒரு மாசம் பொண்டாட்டிகிட்ட பேசாம இருந்தீங்களா? அதுக்கு என்ன பயிற்சின்னு முதல்ல எங்களுக்குச் சொல்லுங்க.' அடுத்து டீச்சர், தன் தாழ்ப்பாள் வாக்கியத்தோடு. கடைசியில் கண்டக்டர்.

'சார் நான் எலுபத்தேலுன்னு கத்தினப்பவும் ஏற வேண்டியவங்க ஏறத்தான் செஞ்சாங்க. ஒருத்தரும் பஸ்ஸ விடல. கூப்பிடுங்க சார்.'

பல்லுக்காரம்மா அதை இரண்டு முறை படித்தாள். இதற்குமேல் தான் சொல்ல எதுவும் இல்லை என்று தோன்றியது. ஆனால் பல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தனியாக ஜன்னலோரம் வைத்துச் செய்த அந்தப் பல்லை மனதுக்குள் மறுபடி கையில் எடுத்துப் பார்த்தாள். அண்ணத்தை மூடும் மேல் தட்டு. உடையவே கூடாது என்று, அவருக்கு என்பதால், வழக்கத்தைவிடக் கனமாக வார்த்திருந்தாள். பாசத்தில் கை தாராளமாகிவிட்டது. நாக்கு மடங்க அங்கே இடம் ஏது? கண்ணாடி முன் நின்று அவர் தோற்றது அவருடைய தோல்வி மட்டும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

'ஐயா, மேல் தட்டு கனமாக இருந்தால் நாக்குக்கு இடம் இருக்காது. செய்தவர் மேல்தான் தப்பு. அவரிடமே கொடுங்கள். இலைத்துத் தருவார். கூப்பிடுவதற்குப் பயிற்சி வேண்டாம்.'

அனுப்பினாள். இழைத்து என்று எழுத வேண்டியதை இலைத்து என்று எழுதியிருக்கிறோம் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அனானிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீரில் பல்செட். காகிதம் எதுவும் இல்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கனத்தை அளந்து பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். பொடிப்பொடியாக ராவி, நிறுத்தி, விரலால் தடவி, மறுபடி ராவினாள். இளஞ்சிவப்புத் தூள் மேசையெல்லாம் பறந்தது. இனி ராவினால் உடைந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்தினாள். உடைந்தால் உடையட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று முதல்முறையாக நினைத்தாள். சாயங்காலம் கிண்ணத்தில் போட்டு அதே இடத்தில் வைத்தாள். சனிக்கிழமை முழுக்க உள்ளறையிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. தாழ்ப்பாள், தாழ்ந்த குரல். சில நேரம் ழ மாதிரி இருந்தது, சில நேரம் ல மாதிரி. கதவில் காதை வைக்க ஆசையாக இருந்தது. வைக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வைத்தாள்.

ஞாயிறு காலை மகள் லேப்டாப்போடு வந்தாள். கூடத்து மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, பாஸ்வேர்ட் சொல்லு. முதல்ல கமெண்ட தூக்கறேன்."

"கமெண்ட்ல கை வெக்காத."

"சரி, வேணாம், இருக்கட்டும். தலைப்ப மட்டும் மாத்திடறேன். ஒரே எழுத்துதான். அப்பா எத்தன வருஷமா தலைபாடா அடிச்சுக்கறாரு. ல எடுத்துட்டு ழ, அவ்வளவுதான்."

பல்லுக்காரம்மா எங்கிருந்து தொடங்குவாள்? கண்டக்டரிடமிருந்தா, போனை அதட்டிய சத்தத்திலிருந்தா? வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை. விரல் விசைமேல் போனது.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

ஒற்று சார் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையில் பேனா, நெற்றியில் கண்ணாடி. தெருவில் ஒரு பெயர்ப்பலகையில் புள்ளி விட்டுப்போனால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுகிற மனிதர், நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு, மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஒரு மிடறு குடித்தார்.

"அதத் திருத்தாத," என்றார் மகளிடம்.

மகள் வாயைப் பிளந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா பேசியதற்கா, அப்பா திருத்தாதே என்று சொன்னதற்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "ஏம்ப்பா? தப்புதானே?" என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்று அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

"மலலை," என்றார்.

தட்டை இழைத்தாகிவிட்டது, சனிக்கிழமை முழுக்கப் பயிற்சியும் நடந்திருக்கிறது. அந்த ல பல் செய்த வேலையா, அவர் செய்த வேலையா என்று பல்லுக்காரம்மா அப்போதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. தன் பெயர் தன் வாயில் எப்படி இருக்குமோ அப்படியே இன்னொரு வாயில் கேட்பது இதுதான் முதல் தடவை.

அவர் முகம் சுருங்கியது. "தப்பா வருதோ?" என்று கேட்டார்.

"எனக்கும் அப்படித்தாங்க வரும்," என்றாள் அவள்.